ஏழாம் எண் புத்தகம்

மே 25, சனி

போன வருஷம் நடந்த கூத்து இந்த வருஷமும் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்தால், பிறகு யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கையை விரிக்க முடியாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

விஷயம் இதுதான். எங்கள் அருப்புக்கோட்டை வாசகர் வட்டம் ஆண்டுதோறும் பத்து சிறுவர் நூல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி, துண்டறிக்கையாக அச்சடித்துச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. "பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?" என்று கேட்கும் பெற்றோருக்கும் அதைத்தான் நீட்டுவோம். போன வருஷம் பால்ச்சாமி சார் தன் மைத்துனர் எழுதிய நீதிக்கதைத் தொகுப்பை உள்ளே நுழைத்துவிட்டார். அதில் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகள் எல்லாம் கிணற்றில் விழுந்தன. பன்னிரண்டு கதை, பன்னிரண்டு கிணறு. விஷயம் வெளியே தெரிந்து பெரிய சண்டையாகி இரண்டு பேர் வட்டத்தை விட்டே போய்விட்டார்கள்.

ஆகவே இந்த வருஷம் இரண்டு விதிகள். இரண்டும் என்னுடையவை. வந்து சேரும் நூல்கள் எல்லாவற்றுக்கும் நூலகர் காளீஸ்வரன் காக்கித்தாளில் உறை போட்டு எண் எழுதுவார். உள்ளே எழுதியவர் பெயர் வரும் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துவிடுவார். யார் எழுதியது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்களும் பிள்ளைகளும் எண்ணை மட்டும் வைத்துப் படிக்க வேண்டும். இது முதல் விதி. எழுதியவர் குழுவில் யாருக்காவது உறவு என்று தெரிந்தால் அந்த நூல் பட்டியலில் இருக்காது, பேச்சே கிடையாது. இது இரண்டாவது.

இரண்டுக்கும் முதல் ஆளாகக் கை தூக்கியவர் பால்ச்சாமி சார். பாவம்.

மே 28, செவ்வாய்

காளீஸ்வரன் இருபத்தாறு நூல்களுக்கு உறை போட்டு முடித்துவிட்டார். அடுக்கி வைத்ததைப் பார்த்தால் பலசரக்குக் கடைப் பொட்டலங்கள் போல இருக்கிறது.

வரும் வழியில் எதிர்வீட்டு மகேசு காய்கறி வண்டியருகே நின்று கத்தரிக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததெல்லாம் முற்றல். தட்டைக் கவிழ்த்துவிட்டு நானே பொறுக்கிப் போட்டேன். "சரிங்கக்கா" என்றாள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு எது வேண்டும் என்றுகூடத் தெரியாமல் என்ன குடித்தனம் நடத்துகிறாளோ.

வீட்டில் மோட்டார் மறுபடி மக்கர். இவர் மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். மாடி இவருக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் நேரே அங்கேதான் போவார். கீழே சிக்னல் கிடைப்பதில்லையாம். எனக்குக் கிடைக்கிறது.

ஜூன் 1, சனி

முதல் வாசிப்பு. நூலகத்தின் பின்னறையில் பாய் விரித்தோம். பத்தொன்பது பிள்ளைகள். எந்தப் பொட்டலத்தையும் எடுக்கலாம், பாதியில் வைக்கலாம். எந்த எண்ணை "வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்கிறார்களோ அதை நாங்கள் குறித்துக்கொள்வோம்.

பாதியில் வைத்த பிள்ளையிடம் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது ஷகிலா பானு போட்ட நிபந்தனை. பஜாரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். குழுவில் எங்கள் நால்வரில் அவள்தான் சின்னவள். "கேட்டா பொய் சொல்லுங்கக்கா. நம்ம மூஞ்சியப் பாத்து, நமக்கு எது பிடிக்குமோ அதச் சொல்லும்" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னிடம் எந்தப் பிள்ளையும் பொய் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்பு முத்தரசி ரொம்ப நேரமாகப் பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் எண்ணை எடுத்துக் கொடுத்தேன். பறவைகளைப் பற்றியது, படங்கள் நேர்த்தி. "இத எடுத்துக்கோ, அதைவிட இது உனக்கு நல்லாருக்கும்" என்றேன். "தேங்க்ஸ் டீச்சர்" என்று வாங்கிக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டாம் எண்ணை விரித்து, அதற்குள் வேறொரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். கெட்டிக்காரி. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை, போய் அதை வாங்கி வைத்துவிட்டேன். உள்ளே இருந்தது ஏழாம் எண்.

ஜூன் 5, புதன்

மோட்டார் மெக்கானிக் இன்றும் வரவில்லை. நாளை வருகிறேன் என்பது அவனுக்கு வணக்கம் சொல்வது மாதிரி.

ஜூன் 8, சனி

இன்று ஏழாம் எண்ணின் நாள். முத்தரசி அதை நடுவில் வைத்துக்கொண்டு உரக்க வாசிக்க, மூன்று பேர் கேட்டார்கள். பிறகு ஆறு பேர். நடுவில் ஒரே சிரிப்பு. கடைசிப் பக்கத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஒருத்தன் "இவ்வளவுதானா?" என்றான். இன்னொருத்தி "அது பாவம்" என்றாள். எது பாவம் என்று கேட்டால் அணில் என்று பாதிப் பேர், யானை என்று பாதிப் பேர். பெயர் தெரியாத புத்தகத்துக்கு அவர்களே "புளிப்பு அணில்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று எட்டுப் பேர் கேட்டார்கள்.

யாருக்கும் கொடுக்கவில்லை. நான் கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

மூன்று முறை படித்துவிட்டேன்.

காட்டில் ஒரு யானை. தும்பிக்கையும் நீளம், மனசும் பெரிசு. யாரும் மரமேறிக் கஷ்டப்பட வேண்டாம் என்று அதுவே உச்சிக் கிளையில் பறித்து, முகர்ந்து பார்த்து, இருப்பதிலேயே இனிப்பான பழத்தை எல்லோருக்கும் கொடுக்கும். ஒரே ஒரு அணிலுக்கு மட்டும் புளிப்பு பிடிக்கும். அது ஒரு காயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் யானை மெதுவாக அதை வாங்கி வைத்துவிட்டு, "இதைச் சாப்பிடு கண்ணு" என்று பழத்தை நீட்டும். அணில் "நன்றி" என்று சொல்லிச் சாப்பிடும். பக்கத்துக்குப் பக்கம் அணிலின் வால் சின்னதாகிக்கொண்டே போகிறது. எழுத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, படத்தில் மட்டும்தான். கடைசியில் அணில் ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அக்கரை முழுக்கப் புளியமரம். இக்கரையில் யானை, தும்பிக்கையில் ஒரு பழத்தோடு நிற்கிறது. அவ்வளவுதான்.

உட்கார்ந்து குறிப்பு எழுதிவிட்டேன். இங்கேயும் ஒரு படி:

"ஏழாம் எண். ஆறு முதல் ஒன்பது வயது வரை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. யானை அன்பானது. அந்த அன்பைத்தான் அணிலால் தாங்க முடியவில்லை. இதைக் குழந்தைக்குப் புரியும்படி, யானையையும் திட்டாமல் சொல்வது பெரிய காரியம். இப்படி ஒரு யானை பல வீடுகளில் இருக்கும். பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டு சிரிக்கும். 'நன்றி' சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையின் மனசு இதை எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாங்கிப் படித்துவிட்டுப் பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டிய நூல். ஒரே குறை, முடிவு. அணில் ஒரு நாளாவது இக்கரைக்குத் திரும்பி வந்திருக்கலாம்."

எழுதி முடித்ததும் எங்கள் பழைய தலைமையாசிரியை ஞாபகம் வந்தது. யார் எந்த நிறத்தில் புடவை கட்ட வேண்டும் என்றுகூட அந்த அம்மாதான் சொல்லும். யானை என்றால் அதுதான் யானை. நன்றாகச் சிரித்தேன்.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இருக்கும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி என்னிடம் இவர் கேட்டது இதுதான் முதல் தடவை. ரொம்ப நல்லாயிருக்கு என்றேன். உடனே மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் 12, புதன்

மகேசு கேட்டாள், என் மகள் எழில் எப்போது வருவாள் என்று. வேலை ஜாஸ்தி என்றேன். உண்மைதானே? ஓசூரில் பெரிய தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். லேசான வேலையா? அதற்கான படிப்பில் நான் பார்த்துச் சேர்த்துவிட்டேன். அவள் வேறென்னவோ கேட்டாள். படம் வரையவோ என்னவோ. பதினேழு வயசில் என்ன தெரியும்? இன்று சொந்தக் காலில் நிற்கிறாள்.

மூன்று வருஷமாக அவளுக்கு விடுப்புக் கிடைப்பதில்லை.

ஜூன் 15, சனி

பட்டியல் முடிவானது. ஏழாம் எண்ணுக்கு முதலிடம், நாலு பேரும் ஒரே குரலில். பால்ச்சாமி சார் மட்டும், "முடிவப் பத்தி நீங்க எழுதுனது எனக்கு ஒப்பலை டீச்சர். திரும்பி வந்தா அது வேற கதை" என்றார். கிணற்றில் விழும் கதையைச் சிபாரிசு செய்தவர் முடிவைப் பற்றிப் பேசுகிறார். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 22, சனி

இன்று உறை பிரித்தோம். காளீஸ்வரன் ஒவ்வொன்றாகக் காக்கித்தாளைக் கழற்றி, பெயரை வாசித்து, மேசையில் வைத்தார். ஏழாம் எண் வந்தது. எழுதியவர் பெயர் சரக்கொன்றை. யாருக்கும் தெரியாத பெயர். ஓசூரில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டிருக்கிறது. படமும் அவரே வரைந்ததாம். ஷகிலா கை தட்டினாள்.

பின் அட்டையில் அஞ்சல்தலை அளவுக்கு ஒரு படம். கண்ணாடி மாற்றியிருக்கிறாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

மோட்டார் ஓடுகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 24, திங்கள்

இவரிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"எழுத ஆரம்பிச்சப்பவே."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

கத்தியைக் கீழே வைத்தார். "சொன்னா நீ திருத்திக் குடுத்துருவேன்னு பயந்தா, தமயந்தி."

 என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தாள் என்று ஒருவர் வெங்காயம் நறுக்கிய கையோடு சொல்கிறார், எனக்கும் அது புதுச் செய்தியாகத் தெரியவில்லை. 

விடுப்புக் கிடைக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது மகேசுக்குச் சொல்லும் பதில். நோட்டிலும் அதையே எழுதியிருக்கிறேன். நடந்தது வேறு. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தேன். நல்ல இடம். நிச்சயத்துக்கு மண்டபம் சொல்லிவிட்டு, புடவையும் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அவளிடம் சொன்னேன். அவள் புடவையைப் பிரித்துப் பார்த்தாள். "நல்லாருக்கும்மா. நன்றி" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போனவள்தான். பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்று என்னோடு பேசுவாள். மற்ற நாளெல்லாம் மாடிக்குத்தான் போன் வரும்.

யானை நான்தான். தலைமையாசிரியை இல்லை. அந்தக் குறிப்பை எழுதிவிட்டுச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை நினைத்தால் கூசுகிறது.

ஜூன் 25, செவ்வாய்

நாள் முழுக்க ஒரே யோசனை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. புனைபெயர், சின்னப் படம். குழுவில் யாரும் எழிலைப் பார்த்ததில்லை. புத்தகம் நாற்பது பள்ளிக்குப் போகும். வாயைத் திறந்தால் என் விதியே என் மகளின் புத்தகத்தைத் தூக்கி வெளியே போடும். அத்தனை நூல்களிலும் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டது அது ஒன்றைத்தான்.

பால்ச்சாமி சாரைப் போன வருஷம் என்ன பேச்சுப் பேசினேன்!

ஜூன் 29, சனி

சொல்லிவிட்டேன். 

"விதி விதிதான்னு சொல்ல எனக்கு நாக்கு துடிக்குது டீச்சர்" என்றார் பால்ச்சாமி சார். "ஒரு வருஷமாத் துடிக்குது. ஆனா எம் மச்சினன் புத்தகத்த நான் தெரிஞ்சே நுழைச்சேன். நீங்க தெரியாம எழுதுனீங்க. இது வேற."

என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். செய்தித்தாள் அறையில் உட்கார்ந்து ஒரே செய்தியை நாலு தடவை படித்தேன். பிறகு காளீஸ்வரன் வந்து கூப்பிட்டார். நூல் இருக்கும். விதியை இந்த ஒரு தடவை தளர்த்துகிறார்கள். என் குறிப்பு மட்டும் வராது, ஷகிலா புதிதாக எழுதுவாள். கூட்டக் குறிப்பிலும் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை. பால்கோவா வாங்கி வந்தேன். எழிலிடம் நானே சொல்லப் போகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

போன் வந்ததும் இவரோடு நானும் மாடிக்குப் போனேன். இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"எழிலு, உம் புத்தகம் எங்க பட்டியல்ல வந்திருக்கு. முதலாவதா."

 "யாரு போட்டது?"

"பிள்ளைங்கதான். உறை போட்டுத்தான் படிச்சோம். நீ எழுதுனதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சதும் கமிட்டியில சொல்லிட்டேன். அவங்களே இருக்கட்டும்னுட்டாங்க."

"எடுத்துரும்மா."

"என்னடி?"

"ரெண்டாம் வகுப்புல பேச்சுப் போட்டியில கப்பு வாங்குனேன். டீச்சர் பொண்ணாச்சேன்னாங்க. பத்தாவதுல மார்க் வாங்குனேன். டீச்சர் பொண்ணு வாங்காம என்னன்னாங்க. இந்த ஒண்ணத்தான் பேருகூட இல்லாம, யாருக்கும் தெரியாமச் செஞ்சேன். இதயும் நீதான் எடுத்துக் குடுத்ததா ஆயிரும். வேணாம்மா."

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க."

"நானே சொல்லுவேன்ல, எனக்குள்ள."

"பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு எழிலு. எட்டுப் பேரு..."

"நூலகத்துல இருக்குல்ல, படிக்கட்டும். பட்டியல்ல வேணாம்."

"உன் நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

"தெரியும்மா. நன்றி" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 1, திங்கள்

நான் எதையும் எடுக்கத் தேவையில்லை. முடிவு செய்தது குழு. நான் வெளியே இருந்தேன். எனக்குச் சம்பந்தமே இல்லை. அச்சகத்துக்கு வியாழக்கிழமை போகிறது. பேசாமல் இருந்தால் போதும்.

ஜூலை 2, செவ்வாய்

முதல் புத்தகம் எழுதிய பெண். அதுவும் சின்னப் பதிப்பகம். இப்படி ஒரு வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. இன்று கோபத்தில் வேண்டாம் என்பாள், இரண்டு வருஷம் கழித்து நினைத்துப் பார்த்து வருத்தப்படுவாள். அப்போது யாரிடம் வந்து அழுவாள்?

என்னிடம் வர மாட்டாள். அது தெரிகிறது.

பால்கோவா அப்படியே இருக்கிறது. மகேசுக்குக் கொடுத்தேன். இனிப்புச் சாப்பிடுவதில்லை என்றாள். நாலு வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவளுக்கு லட்டு கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

ஜூலை 3, புதன்

அவள் சொல்வது தப்பு. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஜூலை 4, வியாழன்

காலையில் நூலகத்துக்குப் போய் ஏழாம் எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். காளீஸ்வரன் ஷகிலாவையும் பால்ச்சாமி சாரையும் வரவழைத்தார். ஷகிலா கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தாள், வந்த வேகத்தில் கத்தினாள்.

"பிள்ளைங்க கேட்டா என்னக்கா சொல்றது? நாலு ராத்திரி உக்காந்து குறிப்பு எழுதியிருக்கேன். உங்க வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராதீங்க."

நியாயம்தான். "எழுதுனவ வேணாங்கறா" என்றேன்.

"ஏன் வேணாமாம்?"

"அவ காரணம் அவளுக்கு இருக்கு."

"நீங்க எடுத்துச் சொல்லலாம்ல? நீங்க சொன்னா யாரு கேக்காம இருப்பாங்க?"

அதுதான் பிரச்சினையே என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அழுதிருப்பேன். அச்சகத்துக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பதினோராவது இடத்தில் இருந்த ஆமைக் கதையைப் பத்தாவதாகச் சேர்த்தோம். பட்டியல் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட பட்டியல்களிலேயே, இதைவிட நல்லதாக இருந்திருக்கலாம் என்று தெரிந்தே போட்டது இது ஒன்றுதான்.

எழிலுக்கு ஒரு வரி அனுப்பினேன். "எடுத்தாச்சு." பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூலை 13, சனி

துண்டறிக்கை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். முத்தரசி விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை போனாள். திரும்ப மேலே போனாள்.

"டீச்சர், புளிப்பு அணில் எங்க?"

"இல்லம்மா."

"நல்லால்லையா?"

"ரொம்ப நல்லாருக்கு."

"அப்பறம் ஏன்?"

"எழுதுனவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

கொஞ்சம் யோசித்தாள். "நாங்களும் எழுதக் கூடாதுன்னாங்களா?"

"இல்ல. உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

போய்க் காளீஸ்வரனிடம் பேனா வாங்கி வந்தாள். துண்டறிக்கையின் அடியில் பதினொன்று என்று எண் போட்டு எழுதினாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கக் கழுத்து நீண்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நூலகப் பிரதியை முதலில் அவளுக்கே கொடுத்தனுப்பினார் காளீஸ்வரன். அடுத்து யார் என்பதை அவளே சொல்லிவிட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "உன் குறிப்ப அவ கேக்கறா" என்றார்.

"எந்தக் குறிப்பு?"

"ஒறை பிரிக்கறதுக்கு முன்னாடி எழுதுனியே. அப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. இந்த நோட்டைத் திறந்து ஜூன் 9ஆம் பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். முதலில் கடைசி இரண்டு வரிகளைக் கட்டைவிரலால் மறைத்து எடுத்தேன். அது வேண்டாமே, அவளைப் பார்த்து 'திரும்பி வா' என்று எழுதினது போல இருக்கிறதே. பார்த்தால் என்ன நினைப்பாள்? அந்தப் படத்தை அழித்தேன். விரலை எடுத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்பினேன். நான் எழுதியது அது. அதில் பாதியைக் கொடுத்தால் மீதியையும் அவள் நம்ப மாட்டாள்.

ஜூலை 15, திங்கள்

பதில் இல்லை. ரேஷன் கடைக்குப் போய்ப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. என்னுடைய போன்.

"அம்மா, இது நெஜமாவே ஒறை பிரிக்கறதுக்கு முன்னாடி எழுதுனதா?"

"ஆமா. ஜூன் ஒம்போது. மேல தேதி இருக்கு பாரு."

"பாத்தேன். நீ சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு."

"யாருன்னு தெரியாதுடி. யாரோன்னு நெனச்சுத்தான் எழுதுனேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. இந்த முறை நடுவில் நான் எதையும் எடுத்துப் போட்டு நிரப்பவில்லை.

"வாசிச்சுக் காட்டேன்" என்றாள்.

நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தேன். வாசித்தேன். 'இப்படி ஒரு யானை பல வீடுகளில் இருக்கும்' என்ற இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். பிறகு 'நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை' என்ற இடத்தில் அவள் அழுதாள். நான் காத்திருந்தேன். 'பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டிய நூல்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசி வரி வரை வாசித்தேன்.

"அந்தக் கடைசி வரி தப்பும்மா" என்றாள்.

என்னிடம் அதற்கு மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் நல்ல பதில்கள்.

"சரி" என்றேன்.

"சரியா?"

"ம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னொரு தடவ வாசி, முதல்லருந்து."

வாசித்தேன்.